கள்ளுக்கடை எடுத்த வருசம்

ஏலத்தன்னைக்கு இருந்தவங்க இவங்க. மேசைக்குப் பின்னால தாசில்தார். எழுதறதுக்கு ஒரு குமாஸ்தா. மூணு தரம் கூவுறதுக்கு ஒரு சேவகன். பக்கத்து ஊர்ல பன்னண்டு வருசமாக் கள்ளுக்கடை நடத்துற பெரியவர். என் சம்சாரத்தோட அண்ணன். அப்புறம் நான்.

சேலம் ஜில்லாவுல சர்க்கார் கள்ளுக்கடைகளை மூடினதுக்கு நாலஞ்சு வருசம் முந்தி இது. எங்க ஊர்க் கடைக்கு அந்த வருசம் ஆள் இல்லை. எனக்கு மல்லசமுத்திரத்துக்குக் கிழக்கால ஒரு சின்னத் தோட்டம். கெணத்து மேட்டுல ஆறு தென்னை. மூணாவதோட படிப்பு நின்னுபோச்சு. மரம் ஏறத் தெரியும். மரத்துக்கு வரி கட்டி, நம்பர் போட்டு, ஊட்டுச் செலவுக்கு மட்டும் கள் எறக்குவேன். நானும் குடிப்பேன், தோட்டத்துல வேலை செய்யறவங்களும் குடிப்பாங்க. நல்லா இருக்குன்னுவாங்க.

அந்தப் பேச்சுத்தான் என்னைத் தாலுக்காக் கச்சேரிக்கு ஏலம் கேக்கக் கொண்டுபோச்சு. "மாப்பிள்ளை, உங்க கள்ளைக் குடிச்சவன் வேற கடையை ஏறிட்டுப் பாப்பானா?" மச்சான் ஒரு மாசமா இதையே சொல்லிக்கிட்டிருந்தார்.

ஏலத்துல பெரியவர் கொஞ்ச தூரம் கேட்டுட்டு நிறுத்திக்கிட்டார். என்னைப் பாத்துச் சிரிச்சார். "எடுத்துக்க சாமி. ஆறு மரம் ஏறின கை. அதையும் பாத்துருவோம்."

ஜாமீனுக்குத் தோட்டத்தை எழுதிக் குடுத்தேன். ஏலப்பணத்தை மாசாமாசம் கிஸ்தாக் கட்டணும். தவறினாத் தோட்டம் ஏலத்துக்குப் போகும். சம்சாரத்துக்குச் சாயங்காலந்தான் சொன்னேன். அவ அடுப்பு ஊதிக்கிட்டிருந்தா. "சரிங்க"ன்னா.

அக்கம்பக்கத்துத் தோட்டங்கள்ல இருபது மரம் குத்தகைக்குப் பிடிச்சேன். ஏற ரெண்டு ஆள். கடைக்குக் கள் ஊத்தி வெக்க நாலு மண் மொடா வாங்கினேன். ஒவ்வொண்ணும் இடுப்பு உசரம்.

மொத வாரம் கூட்டம். சந்தை நாளன்னைக்கு மத்தியானத்துக்குள்ள மொடா காலி. மத்த நாள்ல அரை மொடா மிஞ்சிச்சு. ஊட்டுல மிச்சம்னு ஒண்ணு இருந்ததே இல்லை. பொழுது சாயறதுக்குள்ள யாராவது குடிச்சுருவாங்க. கடைசிக் கரண்டி மட்டும் பானையில கெடக்கும். மறுநாள் புதுக்கள் அதுமேலதான் விழும். சீக்கிரம் பொங்கும். அதுதான் வழக்கம்.

கடையிலயும் அதையே செஞ்சேன். ஒரு கரண்டிக்குப் பதிலா அரை மொடா. கொட்ட மனசு வரல. மரம் ஏறி எறக்கினவனுக்குக் கள்ளைத் தரையில ஊத்த வராது. விடிஞ்சதும் பழசு மேலயே புதுசை ஊத்தினேன்.

ரெண்டாவது மாசம் கள் மத்தியானத்துக்குள்ள புளிச்சுப்போக ஆரம்பிச்சுது. மொந்தையை வாயில வெச்சவன் கண்ணை மூடிக்கிட்டான்.

"ஏனுங்க, இது கள்ளுங்களா, புளித்தண்ணிங்களா?"

"அரைக் கலயம் ஊத்திக் குடுங்க. ஊட்டுல ரசத்துக்குப் புளி இல்லையாமுங்க."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மறுநாள் அவங்க வரல. ரெண்டு மைல் நடந்து பெரியவர் கடைக்குப் போயிட்டாங்க.

மிச்சத்தைக் கொட்ட ஆரம்பிச்சேன். அப்பவும் புளிப்பு போகல. புளிக்காம இருக்கட்டும்னு மரத்துல கட்டற கலயத்துல சுண்ணாம்பு தடவச் சொன்னேன். கள் பொங்கவே இல்லை. தித்திப்பா நின்னுச்சு. பாரம் ஏத்தி வந்த வண்டிக்காரர் ஒருத்தர் ஒரு மொந்தை குடிச்சுட்டு, "தாய்ப்பால் மறக்காத புள்ளைக்குக் குடுக்கலாம்"னு எந்திரிச்சுப் போயிட்டார்.

சுண்ணாம்பைக் குறைச்சேன். ஒருநாள் புளிப்பு, ஒருநாள் தித்திப்பு. ஆறு மரத்துல கண்ணால பாத்துச் செஞ்சது இருபத்தாறு மரத்துல கைக்கு வரல. அஞ்சாவது மாசக் கிஸ்துக்கு எருமையை வித்தேன். ஆறாவது மாசத்துக்கு மச்சான் குடுத்தார். பொறவு அவர் எங்க ஊட்டுப் பக்கம் வர்றதைக் குறைச்சுக்கிட்டார்.

ஏழாவது மாசம் சம்சாரம் கடைக்கு வந்தா. அதுவரைக்கும் வந்ததில்லை. கழுவிக் கவுத்த மொடாவை நிமித்தி உள்ள தலையை விட்டு மோந்து பாத்தா.

"மொடாவே புளிச்சுக் கெடக்குதுங்க. மண்ணு குடிச்சு வெச்சிருக்கு. கள்ளை மாத்தி என்ன பண்றது?"

எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஊட்டுல கள்ளுப்பானையை மாசத்துக்கு ஒருக்கா வைக்கோல் புகையில கவுத்து வெப்போம். அதை எப்பவும் அவதான் செய்வா. நான் பாத்திருக்கேன். எதுக்குன்னு கேட்டதில்லை.

நாலு மொடாவையும் ஒடச்சுட்டுப் புதுசு வாங்கினோம். வைக்கோலைக் கொளுத்தி, அணைச்சு, புகையில கவுத்தோம். சுண்ணாம்பை நிறுத்தினோம். அன்னன்னைக்கு மிஞ்சினதைச் சம்சாரமே எடுத்துப்போய் வரப்போரம் ஊத்தினா. நான் பாக்கல.

கள் நல்லா வந்துச்சு. எங்க ஊட்டுக் கள் மாதிரியே இருந்துச்சு. மத்தியானம் வரைக்கும் கடைவாசல்ல உக்காந்திருந்தேன். ஆள் வரல. வழியில போனவன் ஒருத்தனைக் கூப்பிட்டேன்.

"ஒரு மொந்தை குடிச்சுட்டுப் போ. காசு வேண்டாம்."

"வேண்டாமுங்க. அங்க பழகிப்போச்சு."

மறுநாளும் நல்லா வந்துச்சு. அதுக்கு மறுநாளும். சம்சாரம் மூணு மொடாக் கள்ளைக் குடத்துல மொண்டு வரப்போரம் கொண்டுபோனா.

ரெண்டு கிஸ்து நின்னுச்சு. ஊட்டுக்கதவுல நோட்டீஸ் ஒட்டினாங்க. தோட்டம் ஏலத்துல போனப்ப நான் போய்ப் பாக்கல. வெளியூர்க்காரர் யாரோ எடுத்தார். சம்சாரம் மம்பட்டியையும் ஏத்தக் கயித்தையும் எடுத்துக்கிட்டு வந்து ஊட்டுக்குள்ள வெச்சா. அது எதுக்கு இனின்னு கேட்டேன். "கெடக்கட்டுங்க"ன்னா.

அடுத்த வருசம் எங்க ஊர்க் கடையையும் பெரியவரே எடுத்தார். மச்சான் அவர்கிட்டப் பேசிட்டு வந்து, போய்ப் பாருங்கன்னார். போனேன். பெரியவர் கட்டில்ல உக்காந்து வெத்தலை மடிச்சுக்கிட்டிருந்தார். பழசு ஒண்ணும் பேசல.

"ஏற ஆள் பத்தல. வர்றியா சாமி?"

"வாரேனுங்க."

"பாளையைக் காயப்படுத்தாமச் சீவோணும்."

"தெரியுமுங்க."

பெரியவர் கைகாட்டினதும் அவர் ஆள் ஒருத்தன் என்னைத் தோப்புக்குக் கூட்டிப்போனான். கயிறும் கத்தியும் குடுத்தான். எந்த வரிசை என்னுதுன்னு காட்டினான். காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் ஏறணும்னான். எத்தனை மரம்னு கேட்டேன்.

இருபத்தெட்டு.