கதவடியில் ஒரு கிழிசல்

உம்பாய் என்ற கடலோர ஊரில் மீன் வைக்கும் குளிர் அறைகளைப் பழுது பார்ப்பது என் வேலை. உள்பக்கக் கைப்பிடி தளர்ந்துவிட்டது, கதவடி ரப்பர் கிழிந்திருக்கிறது என்று தரை கழுவும் மேரி அக்கா ஒரு வாரமாகச் சொன்னார். "நாளைக்குச் செய்றேன்லா, அக்கா" என்றே தள்ளிப்போட்டேன்.

அன்று நான் உள்ளே இருக்கும்போது கதவு சாத்திக்கொண்டது. கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. இரும்புச் சுவர் போன் அலையை மறித்தது. குளிர் காக்கச் சுவருக்குள் அடைத்த நுரை என் அலறலை விழுங்கியது. விரல்கள் மரத்துப்போயின. தரையோடு படுத்து, போன் விளக்கை அந்தக் கிழிசலுக்கு நேராக ஆட்டினேன்.

கதவு திறந்தது. "ஈரத் தரையில வெளிச்சம் ஆடுச்சுப்பா! எவ்வளவு நேரமா உள்ள இருக்க?" என்றார் அக்கா.

என் ஒரு சோம்பல் என்னைப் பூட்டியது, இன்னொன்று வெளிச்சத்தை வெளியே விட்டது.

மறுநாள் முதலில் கைப்பிடியை மாற்றினேன். ரப்பரை ஒட்டும் முன், அந்தக் கைப்பிடியை உள்ளிருந்து பலமுறை திறந்து பார்த்தேன்.