ஆறட்டும் என்றவன்

பட்டறையில் அவனுக்கு வைத்த பெயர் ‘ஆறட்டும்’. ரேடியேட்டர் மூடியை அவசரப்பட்டுத் திறந்து கழுத்தோரம் வெந்துபோன நாளிலிருந்து, புகைந்துகொண்டு வரும் எந்த வண்டிக்கும் அவன் முதலில் சொல்வது அதைத்தான். வந்தவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். அவன் பாட்டுக்கு ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

அத்தானிடமும் அதையேதான் சொன்னான். ஒரு நாள் காலை அக்காவின் கணவர் போனில், “மேட்டுல ஏறும்போதே சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சுடா” என்றார். நெஞ்சு வலிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று சொல்லவில்லை.

“ஓரமா நிறுத்துங்க அத்தான். நல்லா ஆறட்டும், அப்புறம் எடுங்க.”

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடந்தார். இறக்கும்போது உயிர் இல்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். போனில் சொன்னதை அவன் மறைக்காமல் சொல்லியிருந்தான்; அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அதோடு சரி. அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.

அவருடைய சட்டைகளைக்கூட எடுத்துக் கொடுத்துவிட்ட அக்கா, காரை மட்டும் விடவில்லை. அதில்தான் வேலைக்குப் போய்வந்தாள். அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமான சீட்டை மாற்றவும் சம்மதிக்கவில்லை. ஆனால் அதே மேட்டில் எஞ்சின் கொதித்தது; ஒவ்வொரு தடவையும் உடனே நிறுத்திவிடுவாள்.

அவன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தான். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அது வாய் திறக்கவில்லை. சூட்டுத் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடவேண்டிய கதவே அடைத்துக் கிடந்தால் எஞ்சின் என்ன செய்யும்? “கோளாறு இதுதான்க்கா” என்று புதிது போட்டுக் கொடுத்தான்.

மறு வாரமே மறுபடி கொதித்தது. குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றினான். மூடியை மாற்றினான். ரேடியேட்டரைக் கழுவினான். ஃபேன் ஒழுங்காகத்தான் சுற்றியது. பட்டறையில் நின்றபடி ஓடினால் ஒரு குறையும் இல்லை. மேடு ஏறினால் போயிற்று.

“மாமா, இது காரா, வெந்நீர் அண்டாவா?” என்றான் அக்காவின் மகன். “அம்மா, இன்னொரு தடவை கொதிச்சா வித்துடலாம். சொல்லிட்டேன்.”

அக்கா தம்பியைப் பார்த்தாள்.

பக்கத்துப் பட்டறை வெல்டர் விடாமல் சொன்னார்: “எஞ்சின் மேல மூடியிருக்கிற ஹெட்டைக் கழட்டிப் பாருய்யா. சூட்டுல விரிசல் விட்டிருக்கும்.”

“விட்டிருக்காது. அத்தான் நிறுத்தி ஆறவெச்சுத்தான் எடுத்தாரு.”

“நீ பார்த்தியா?”

பார்க்கவில்லைதான். ஆனால் வண்டி விஷயத்தில் அத்தான் அவன் பேச்சைத் தட்டியதே இல்லை. அந்த ஒரு நினைப்பில், எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன் ஹெட்டை மட்டும் சந்தேகப்படவில்லை.

கடைசியில் அக்காவோடு அவனும் மேடு ஏறினான். முள் பாதியைத் தாண்டியதும் நிறுத்தச் சொன்னான். “எஞ்சினை அணைக்காதேக்கா” என்று இறங்கி, ஆறட்டும் என்று நிற்காமல் பானெட்டைத் தூக்கினான். ரேடியேட்டர் தண்ணீர் ஊற்றும் வெள்ளை டப்பாவில் குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. தண்ணீர் இன்னும் கொதிக்கவே இல்லை. எஞ்சினுக்குள் எரிகிற வாயு எங்கோ ஒரு விரிசல் வழியாகத் தண்ணீரில் கலக்கிறது.

ஹெட்டைக் கழற்றினான். வளைந்து, வால்வுகளுக்கு நடுவே வெடித்திருந்தது. கீழே எஞ்சினின் உடம்பான பிளாக்கிலும் அந்தக் கோடு இறங்கியிருந்தது. ஓரமாக நின்று ஆறிய எஞ்சின் இப்படி ஆகாது. முள் சிவப்பில் இருக்க, அத்தான் கடைசிவரை மிதித்திருக்கிறார்.

அக்கா வந்து நின்றாள். “சரியாயிடும்ல?”

“ஆகாதுக்கா. எதை மாத்தினாலும் தாங்காது.” விரிசலைக் காட்டினான். “இது அன்னைக்கு விழுந்தது.”

அவள் அதை விரலால் தடவினாள். கரி ஒட்டியது.

“அப்போ அவர் நிக்கவே இல்லையா?”

“இல்ல.”

“நான் இத்தனை மாசமா உன்னை…”

“தெரியும்க்கா.”

விரலில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டே, “அவ்வளவு வேகமா ஓட்டியும் வந்து சேரலையே” என்றாள்.

மகனுக்குப் போன் போட்டு, வண்டியைத் தூக்கிப்போக ஆள் அனுப்பச் சொன்னாள். பிறகு கார்க் கதவைத் திறந்து, அந்தப் பள்ளமான சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஆட்கள் வந்து சங்கிலியோடு நின்றார்கள். அவன் அவளை எழுப்பவில்லை. கையைக் காட்டி அவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரை மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.