மாஸ்க் செய்த பிறகு மொட்டை போடாதீர்கள்: கம்பம்–மதுரை ஏழு பயணங்கள்

தேனிப் பக்கத்திலிருந்து ரேடியேஷன் சிகிச்சைக்காக மதுரை போகிறவர்களுக்கு உதவுமென்று இதை எழுதுகிறேன். போன ஆவணியில் தொடங்கி ஏழு முறை போய் வந்தேன். ஆறு முறையில் முடிந்திருக்க வேண்டும்.

எனக்கு வந்தது புற்றுநோய் இல்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. மண்டையோட்டின் அடியில், வலது காதுக்குப் பின்னால், ரத்தக்குழாயை ஒட்டி ஒரு சின்னக் கட்டி. அபூர்வமானது, மெதுவாக வளர்வது. நெஞ்சு துடிப்பது காதுக்குள் ஓயாமல் கேட்கும். குரலுக்கான நரம்பு அதன் பக்கத்திலேயே போகிறது. அறுவை செய்தால் நரம்பு கெடலாம். சும்மா விட்டால் கட்டி அதை அழுத்தலாம். நான் கணக்கு டீச்சர். கடைசிப் பீரியடில் குரல் ஏற்கெனவே கரகரக்கத் தொடங்கியிருந்தது. அதனால்தான் ரேடியேஷன்.

கம்பத்தில் காலை 4.40 பஸ். மதுரை ஆரப்பாளையம் 115 கிலோமீட்டர், டிக்கெட் 85 ரூபாய். (பெண்களுக்கு இலவசம் டவுன் பஸ்ஸில்தான். கண்டக்டரிடம் வாதாட வேண்டாம், நான் வாதாடிப் பார்த்துவிட்டேன்.) சின்னமனூரில் ஐந்து நிமிடம், தேனியில் கால் மணி நேரம் நிற்கும். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி 8.15க்கு ஆரப்பாளையம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ 120 ரூபாய். பஸ் இரைச்சலில் மட்டும் என் காதுச் சத்தம் அடங்கும், அதனால் இன்ஜின் பக்கத்து சீட்டையே பிடிப்பேன்.

முதல் பயணம் மாஸ்க் செய்ய. வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் அழுத்தி, தலையின் அச்சாகவே எடுத்துவிடுகிறார்கள். அதை மேஜையோடு பூட்டினால் தலை அசையாது. முடி கொட்டுமா என்று கேட்டேன். "காதுக்குப் பின்னால கொஞ்சம் மெலியலாம், அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

இதை வீட்டில் சொன்னேன். சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் பார்க்கும் என் கணவரின் அக்கா நம்பவில்லை.

"அப்படித்தேன் சொல்லுவாக. எப்படியும் கொட்டப் போற முடி. அது ஆஸ்பத்திரிக் குப்பையில விழுறதுக்கு ஆத்தாளுக்காவது குடுப்போம்ல?"

"மதினி, கொட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"நீ கணக்குல நூத்துக்கு நூறு வாங்குனவதான். காதுல மோட்டார் ஓடுறதை நிறுத்த முடிஞ்சுதா?"

மூன்று நாள் இதே பாட்டு. நான்காம் நாள் வீரபாண்டி கோயிலில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். இடுப்பு வரை இருந்த முடி.

இரண்டாவது பயணம் சிகிச்சையின் முதல் நாளாக இருந்திருக்க வேண்டும். மதினியும் கூட வந்தார். டெக்னீஷியன் பெண் மாஸ்க்கை என் தலையில் வைத்தாள். வைத்தவள் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். சட்டிக்குள் எலுமிச்சை மாதிரி என் தலை உள்ளே உருண்டது.

"எந்த ஊரு அக்கா?"

"கம்பம்."

"நெனச்சேன். உங்க பக்கத்துல இருந்து நீங்க மூணாவது ஆளு. ஒருத்தர் தாடியை மழிச்சுட்டு வந்தாரு. எல்லாம் சாமிக்கு. எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கதிர் கட்டியை விட்டு நரம்பில் விழும். அன்றைக்கே புது மாஸ்க், புது ஸ்கேன், பிறகு புதிதாகத் திட்டம். ஒன்பது நாள் தள்ளிப்போனது.

திரும்புகிற வழியில் உசிலம்பட்டி தாண்டியதும் மதினி, "முடி இம்புட்டு இடத்தை அடைக்கும்னு யாரு கண்டா" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போலவும் இருந்தது. அந்த ஒன்பது நாளும் காலையில் எழுந்தவுடன் பதினேழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லி, குரல் இருக்கிறதா என்று பார்த்தேன்.

உண்மையில் கோபம் அவர் மேல் இல்லை. பி.எஸ்ஸி., பி.எட். படித்த நான் ஏன் குனிந்தேன்? டாக்டரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. கட்டி போகாது, வளராமல் நிற்கும் என்பது மட்டுமே அவர் தந்த வாக்கு. எனக்கு அது போதவில்லை. போய்விடும் என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

புது ஸ்கேனில் கட்டியின் அளவு மாறியிருக்கவில்லை. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து முறை சிகிச்சை. ஒவ்வொன்றும் இருபது நிமிடம். வலி இல்லை, மாஸ்க் மூக்கை அழுத்தும், அவ்வளவுதான். முடிந்ததும் மாலை 3 மணி பஸ்ஸில் ஏறினால் இருட்டுவதற்குள் கம்பம்.

போகிறவர்களுக்கு: மாஸ்க் செய்த பிறகு முடி, தாடி, மீசை எதிலும் கை வைக்காதீர்கள். நேர்த்திக்கடன் இருந்தால் முன்னாலேயே முடித்துவிடுங்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டு. வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, தேனியில் இட்லி சாப்பிட நேரம் இருக்கும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், ஆனால் அவரையும் டாக்டர் முன்னால் உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்கச் செய்யுங்கள்.

காதுச் சத்தம் இன்னும் இருக்கிறது. குரல் நான்காவது பீரியட் வரை தெளிவாக வருகிறது. அதற்குப் பிறகு கரகரப்புதான். கட்டி வளராமல் நின்றதா என்பது ஆறு மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனில்தான் தெரியும். அதுவரை கடைசி பெஞ்ச் பிள்ளைகளை முன்னால் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்குத்தான் இதில் பெரிய வருத்தம்.