மூன்று முறை எடுத்த பாட்டுக் கசெட்

சினிமாப் பாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று கோயில் கூட்டத்தில் முழங்கியவன் நான். அதே வாரம் எங்கள் ஊரான சுங்கை ரம்பாயின் வீடியோ கடையில், பழைய பாடல் காட்சிகள் அடங்கிய கசெட்டை வாடகைக்கு எடுத்தேன். கடைக்காரரிடம், மனைவி கேட்டதாகச் சொன்னேன். அவள் கோயிலுக்குப் போயிருந்த வெள்ளிக்கிழமை மாலையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு பார்த்தேன். கறுப்பு வெள்ளையில் நாயகி ஆட, என் கால் தாளமிட்டது. இப்படி மூன்று வெள்ளிக்கிழமைகள்.

பின்னொரு நாள் நானும் மனைவியும் அக்கடையைக் கடந்தோம்.

"என்னக்கா, அந்தப் பாட்டுக் கசெட்ட மூணு தடவ எடுத்துட்டீங்க, இன்னும் சலிக்கலயா லா?" என்றார் கடைக்காரர் அவளிடம்.

அதைக் கண்ணாலும் கண்டிராத அவள் என்னை ஒருகணம் பார்த்தாள்.

"எனக்குப் பாட்டுன்னா உயிரு தம்பி. இவருக்குத்தான் ஆகாது."

நான்காம் முறை எடுத்துவந்து அவளையும் அருகில் அமர்த்திப் பார்த்திருக்கலாம். அந்தத் துணிவு எனக்கு வரவே இல்லை.