மனு நாளும் சந்தியாவின் தலைமுடியும்

நாங்கள் வளர்க்கும் பிள்ளை, பெற்றவளைப் பார்க்கப் போய் பாடம் ஒப்பித்துவிட்டுத் திரும்பியது. வளர்ப்புப் பெற்றோர் வேலையில் இதைவிட மோசமாக எதுவும் கெட முடியாது. அடுத்தவர் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு மாதாமாதம் ஜெயிலுக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

பிள்ளை பெயர் சந்தியா. மூன்றாம் வகுப்பு. அவள் அம்மா குமாரி வேலூரில் உள்ளே இருக்கிறாள். எதற்காக என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். தண்டனை முடிந்ததும் பிள்ளை அவளோடு போக வேண்டும். அதுவரை என்னிடமும் என் வீட்டுக்காரி பச்சையம்மாளிடமும் இருக்கும்.

ஒப்பித்தல்

கைதியைப் பார்க்கப் போவதை அங்கே 'மனு' என்பார்கள். முதல் மனுவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே பச்சையம்மாள் பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்தாள். பயந்துபோய் வாயடைத்து நிற்கக்கூடாதாம். புது கவுன், ரெட்டைச் சடை, கனகாம்பரம் வேறு.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் குமாரி வந்து நின்றாள். பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, "வணக்கம். நான் நல்லாருக்கேன். நல்லா படிக்கிறேன். சோறு நல்லா போட்றாங்க" என்றது. குமாரி அந்தக் கவுனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரிங்க" என்றாள். பெற்ற மகளிடம் 'ங்க' போட்டுப் பேசினாள். மீதி நேரம் முழுக்க இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தரையைப் பார்த்தார்கள். வெளியே வரும்போது காவலுக்கு நின்ற அம்மா என்னிடம் சொன்னது: "இன்னாங்க இது, பொண்ணு பாக்க வந்த வூடு மாதிரி கீது?"

கண்டக்டர்

பிள்ளை ஊமை இல்லை. எங்கள் மலையிலிருந்து அமிர்தி வழியாக பஸ் இறங்கும்போது வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கும், இரண்டு வாந்திக்கு நடுவில் பேசும். டிரைவரிடம் பேசும், பலாப்பழம் ஏற்றுகிறவனிடம் பேசும், மடியில் கோழி வைத்திருப்பவளிடம் கோழியைப் பற்றிப் பேசும். ஜெயில் வாசல் வந்ததும் வாய் பூட்டிக்கொள்ளும்.

ஒருமுறை கண்டக்டர் எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டு, எங்கே பயணம் என்று கேட்டார். "எங்கம்மாவ பாக்க" என்றது. அம்மா எங்கே இருக்கிறாள் என்றார். "வேலூர் ஜெயில்ல" என்றது பளிச்சென்று. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்டக்டர் மட்டும் அசராமல் சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னார்: "கவர்மெண்ட் வேலையா, நல்லதும்மா, லீவு கெடைக்கிறதுதான் கஷ்டம்."

ஆபீசர் அம்மா

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் மலைக்கு ஏறி வந்தாள். சின்ன வயசு, நல்ல பெண். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, இப்படியே போச்சுன்னா அந்தம்மா வெளிய வர்ற அன்னிக்கு புள்ளைய யாரோ ஒருத்தியோட அனுப்பற மாதிரி ஆயிடும்" என்றாள். எனக்கு அதுதான் கவலை. ஆனால் வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளிடம் பிள்ளையைப் பிடித்துத் தள்ள முடியுமா?

அந்தப் பெண் சந்தியாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அம்மாவிடம் மனசு விட்டுப் பேச வேண்டும் என்றாள். சந்தியா அவளை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு கேட்டது: "அவங்களுக்குதான் நம்ம வூட்டுல யாரையும் தெரியாதே, யார பத்தி பேசறது?"

பேன்

பள்ளிக்கூடத்தில் பேன் பரவியது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. பச்சையம்மாள் சாயந்தரமெல்லாம் பேன் சீப்போடு உட்கார்ந்தாள். வேப்பெண்ணெய் தேய்த்தாள். தலையணை நாறியது, பேன் போகவில்லை. எனக்கும் அரிக்க ஆரம்பித்தது. பிள்ளையை ஜமுனாமரத்தூர் சந்தைக்குக் கூட்டிப்போனேன். அங்கே முடிவெட்டுகிறவரிடம் உட்காரவைத்து ஒட்ட கிராப் அடித்துவிட்டேன். வேலை முடிந்தது. பிள்ளை என்னோடு பேச்சை நிறுத்தியது. பச்சையம்மாள் எனக்குக் குழம்பை நிறுத்தினாள்.

அடுத்த மனுவுக்குத் தலையில் துண்டு கட்டிக் கூட்டிப்போனோம். குமாரி வந்ததும், "அது இன்னா துண்டு? எடு" என்றாள். எடுத்தது. குமாரி வலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவன் வெட்னது?"

பிள்ளை திரும்பி என்னைக் காட்டியது. "இந்தத் தாத்தாதாம்மா. நான் வாணாம் வாணாம்னேன். புடிச்சி உக்கார வெச்சிட்டாரு." அப்புறம் அணை உடைந்த மாதிரி வந்தது எல்லாம். நான் குறட்டை விடுகிறேனாம். எந்நேரமும் நியூஸ் பார்க்கிறேனாம். பூனையைப் பாயில் சேர்க்க மாட்டேனாம். வாந்தி எடுத்தால் 'உச்'சுக் கொட்டுகிறேனாம். எல்லாம் உண்மை.

குமாரி என் பக்கம் திரும்பினாள். "யோவ் பெரியவரே, அறிவு கீதா உனுக்கு? பேன் இருந்தா பேன் பாக்கணும். எம் பொண்ணு முடிய வெட்ட நீ யாரு?" மனு பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் பேச்சை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. நான் பதில் சொன்னாலும் அங்கே கேட்க ஆள் இல்லை. பிள்ளை குனிந்து தலையை வலையோடு ஒட்டி வைத்திருந்தது. குமாரி வலைக்கண்ணில் விரல் நுனியை விட்டு அந்தக் கட்டை முடியைத் தடவிக்கொண்டே, "வளந்துரும்டி, அழுவாத, வளந்துரும்" என்றாள். நேரம் முடிந்தும் பிள்ளை நகரவில்லை. தூக்கிக்கொண்டுதான் வந்தேன். தூக்கிய என்னையும் அடித்தது. காவல் அம்மா கதவைத் திறந்துவிட்டு என் காதில் சொன்னது: "பெரியவரே, அடுத்த மனுவுக்கும் எதனா தப்பு பண்ணிட்டு வாங்க."

பிராது

தப்புக்கு என்னிடம் பஞ்சமில்லை. இப்போதெல்லாம் பிள்ளை பஸ்ஸிலேயே விரல் மடக்கி என் குற்றங்களைச் சேர்த்துக்கொள்கிறது. அங்கே போனதும் பிராது. குமாரி விசாரித்துத் தீர்ப்புச் சொல்வாள். பூனைக்குப் பாயில் இடம் கிடைத்துவிட்டது. நியூஸ், பிள்ளை தூங்கிய பிறகுதான். 'ங்க' இப்போது எனக்கு வருகிறது, மகளுக்கு 'டி' போகிறது. அதுதான் முறை.

பொங்கல் கழித்து குமாரி வெளியே வருகிறாள். முடி தோளைத் தொட்டுவிட்டது. போன வாரம் பச்சையம்மாள் ஆசையாகச் சீப்பும் ரிப்பனும் எடுத்து வந்தாள். சந்தியா தலையைக் கையால் மூடிக்கொண்டு சொன்னது: "நீ சும்மா இரு ஆயா, எங்கம்மா வந்து பின்னும்."

ஆபீசர் அம்மா எடுத்துச் சொல்லியும், பச்சையம்மாள் பழக்கிவிட்டும், நான் பஸ் பஸ்ஸாக ஏற்றி இறக்கியும் சேராத தாயையும் மகளையும் கடைசியில் சேர்த்துவைத்தது, பள்ளிக்கூடத்தில் யார் தலையிலிருந்தோ சந்தியாவின் தலைக்கு ஏறி வந்த பேன்.