கூட்டி வைத்த பாய்லர் ரூம்

கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று பார்க்க சாம்பிள் எடுப்பது என் வேலை. இந்த வேலையில் என்னை அதிகம் படுத்தியது நம் ஊர்க்காரர்களின் மரியாதை.

அவிநாசி பக்கம் ஒரு பழைய ஸ்பின்னிங் மில். பாய்லர் ரூமை இடிக்கப் போகிறார்கள். அதற்கு முன் நீராவிக் குழாய்களின் லேக்கிங்கைச் சோதிக்க வேண்டும். லேக்கிங் என்பது சூடு வெளியே போகாமல் குழாய் மேல் பூசிக் கட்டிய வெள்ளைச் சாந்து. பழசானால் உதிரும். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் தூள் நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருடம் கழித்துக்கூட வேலையைக் காட்டும். அதனால் தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் தொடுவோம்.

முதல் நாளே மேனேஜருக்கு போன் செய்து, "நாளைக்குக் காலையில இன்ஸ்பெக்ஷனுக்கு வாரேனுங்க" என்று சொல்லியிருந்தேன்.

போய்ப் பார்த்தால் பாய்லர் ரூம் கல்யாண வீடு மாதிரி பளிச்சென்று இருந்தது. வாசலில் கோலம் வேறு. குழாய்களில் தொங்கிய லேக்கிங்கையெல்லாம் பிய்த்து எடுத்திருந்தார்கள். ஃபோர்மேன் சின்னச்சாமி சிரித்த முகத்தோடு ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே சாம்பிள் எடுத்து வெச்சுட்டனுங்க. மொதல்ல காப்பி குடிங்க."

"மீதியெல்லாம் எங்கீங்க?"

"நம்ம மயிலாத்தா கூட்டி அள்ளி, பின்னால கொட்டிப்போட்டாங்க."

"தண்ணி தெளிச்சாங்களா?"

"தெளிச்சா சேறாயிருமுங்களே."

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. மாஸ்க், முழு உடை, ஸ்பிரேயர் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு நான் வந்து நிற்கிறேன். அந்தம்மா முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு காலை ஆறு மணியிலிருந்து கூட்டியிருக்கிறார். சின்னச்சாமியைப் பிடித்துச் சத்தம் போட்டேன். பின்னால் கொட்டிய குவியலை நனைத்து மூட வைத்தேன். குழாயில் மிச்சம் ஒட்டியிருந்ததில் முறைப்படி சாம்பிள் எடுத்து, இரட்டைக் கவரில் போட்டு லேபுக்கு அனுப்பினேன்.

ரிப்போர்ட் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது.

"அந்தம்மா பயந்துக்குவாங்க சார், விட்டுருங்க" என்றார் மேனேஜர். விட மனசில்லாமல் நானே போய்ச் சொன்னேன். ஒன்றும் ஆகாமலும் போகலாம், ஆனால் டாக்டரிடம் இதைச் சொல்லி வையுங்கள் என்றேன். மயிலாத்தாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நானா எதுக்குங்க அதைத் தொடப்போறேன்? ஆறு வருசமா அந்த ரூம் பக்கமே போனதில்லைங்க. நீங்க வாரீங்கன்னு சொன்னாங்க, கூட்டுனேன்."

இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆபீசர் வருகிறார் என்றால் முதலில் விளக்குமாற்றைத்தான் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? சின்னச்சாமியைத் திட்டியதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள், மாஸ்க் மாட்டுவதற்கு முன் போனில் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். நான் இப்போது எடுத்ததுமே, "கூட்டாதீங்க, தொடாதீங்க, ரூமைப் பூட்டிப்போடுங்க" என்பேன். "குப்பையா கெடந்தா உங்களுக்கு மரியாதையா இருக்காதுங்களே" என்பார்கள். பற்றிக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று முறை சொல்வேன்.

வருடத்துக்கு ஒருமுறை மயிலாத்தாளுக்கு போன் செய்து, டாக்டரைப் பார்த்தாரா என்று கேட்கிறேன். "நல்லா இருக்கேனுங்க" என்கிறார். அதை நம்புவதற்கு இன்னும் இருபது வருடம் ஆகும்.