அண்ணாவின் நம்பரில் பதில் சொன்னவர்

கட்டாரிலிருந்து லீவில் வந்திருக்கிறேன். அங்கிருந்தே என் கணக்கைப் பார்ப்பதற்காக, என் கட்டார் நம்பரைப் பதிய இன்று துறைமுகத்தடி வங்கிக்குப் போனேன்.

“பழைய நம்பருக்கு ஒரு ரகசிய இலக்கம் வரும், சொல்லுங்கோ,” என்றார் கவுண்டரில் இருந்த பெண்.

பழைய நம்பர் அண்ணாவுடையது. நான் வெளிநாடு போனபின் கணக்கைப் பார்த்தவர் அவர்தான். இறந்து மூன்று வருடமாகிறது என்றேன்.

“அப்ப வேற படிவம் நிரப்ப வேணும். ரெண்டு கிழமை செல்லும்.”

இரண்டு வாரம் நிற்க முடியாது; எனக்கு ஞாயிறு பிளைட். துணிந்து அந்த நம்பருக்கு போன் எடுத்தேன்.

“ஓம், சொல்லுங்கோ,” என்றது ஓர் ஆண்குரல்.

ஆள் புல்மோட்டைக்காரர். போன வருடம் வாங்கிய சிம்மாம். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு வந்திருந்த ஆறு இலக்கங்களையும் நிதானமாக வாசித்தார். பிறகு கேட்டார்:

“வெள்ளிக்கிழமையில ஒரு அம்மா எடுக்கிறவ. ‘சாப்பிட்டியா மகன்’ எண்டு கேப்பா. உங்கட அம்மாவோ?”

“நீங்கள் என்ன சொல்லுவீங்கள்?”

“முதல் நாள் பிழையான நம்பர் எண்டு சொன்னனான். அழுதா. இப்ப ‘ஓம் அம்மா, சாப்பிட்டனான்’ எண்டு சொல்லிட்டு வைச்சிடுவன்.”

வீட்டில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

“வங்கி அலுவல் முடிஞ்சுதோ?”

“ஓம்.”

கட்டாரில் எட்டு வருடம் இருக்கிறேன். அம்மா தானாக எனக்கு ஒருநாளும் எடுத்ததில்லை. வெளிநாட்டுக்கு எடுத்தால் காசு முடிந்துவிடுமாம்.

நாளை வெள்ளி, அம்மா அந்த நம்பருக்கு எடுக்கும் நாள். வீட்டில் இருக்கவா, எங்காவது வெளியே போய்விடவா? நீங்களே சொல்லுங்கள்.